பாயிரமும் அடைவும்: நூலின் துணையுறுப்புகள் பற்றிச் சில சிந்தனைகள்

உருவம், உள்ளடக்கம் என்னும் இரண்டினையும் பற்றி ஈழத்து விமரிசன உலகிலே நிரம்ப எழுதப்பட்டுவிட்டது. எது முதன்மையானது, எது எதனை நிர்ணயிக்கிறது என்ற விவாதத்திலே ஒரு தலைமுறையின் உழைப்புச் செலவாயிற்று. அது வீண்செலவு என்று நான் கருதவில்லை. ஆயினும் ஒரு நூலைக் கையிலெடுக்கும் வாசகன் அதன் தொடக்கத்திலும் இறுதியிலும், சில வேளைகளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எதிர்கொள்ளும் சில பகுதிகள் இவ்விரு தலைப்புகளுள் எதனுள்ளும் அடங்காதுள்ளன. முகவுரை, பொருளடக்கம், பக்கவெண், அடிக்குறிப்பு, அரும்பத விளக்கம், பாடபேதக் குறிப்பு, நூற்பட்டியல், சொல்லடைவு ஆகியவற்றையே குறிப்பிடுகின்றேன். ஆசிரியனின் கருத்து இவற்றில் இல்லை என்பதால் உள்ளடக்கம் பேசுவோர் இவற்றைக் கவனிப்பதில்லை; அழகு இவற்றில் இல்லை என்பதால் உருவம் பேசுவோரும் கவனிப்பதில்லை. அச்சகத்தாரும் பதிப்பாளரும் பார்த்துக்கொள்ளவேண்டிய சில்லறை வசதிகள் என்ற அளவிலேயே இவை கருதப்பட்டு வந்துள்ளன.

இவற்றைத் துணையுறுப்புகள் என்று பொதுப்பட அழைக்கலாம். வசதி என்ற சொல்லே இங்கு மயக்கந் தருவது. வசதி என்றால் யாருக்கு வசதி என்ற வினா உடனே எழவேண்டும். ஒரு நூலோடு எதனை ஒட்டுகிறோம், எதனை ஒட்டாது விடுகிறோம் என்பது நூலுக்கும் வாசகனுக்கும் இடையே எத்தகைய உறவினை நாம் விரும்புகிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சில உறுப்புகள் வாசகனை நூலுக்குள்ளே தன்விருப்பப்படி நடமாட விடுகின்றன. நூலாசிரியனையே சோதித்துப் பார்க்கும் கருவியை அவன் கையிற் கொடுக்கின்றன. வேறு சில, நூலின் வாயிலில் நின்று, உள்ளே செல்பவன் எவ்வளவு பணிவோடு செல்லவேண்டும் என அறிவுறுத்துகின்றன. தமிழ் நூல் வரலாற்றில் இவ்விரு வகைகளும் மோதியும் கலந்தும் வந்திருக்கின்றன.

நமது இலக்கண மரபு விரிவாகப் பேசிய துணையுறுப்பு பாயிரமாகும். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூல் பாயிரத்தின் இயல்பை வகுத்துக் கூறிய பின்னரே எழுத்திலக்கணத்துட் புகுகின்றது. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என அதற்குப் பல பெயர்களையும் அடுக்குகின்றது. எவ்வளவு விரிந்ததாயினும் பாயிரம் இல்லாதது நூலன்று என்பது அதன் தீர்ப்பு. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியனவாக அது வகுத்தவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டு. காலம், களம், காரணம் என்பவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். முதற்பார்வைக்கு இது ஒழுங்கானதொரு விபரப் பட்டியலாகவே தோன்றும். இன்றைய நூலகர் ஒருவர் பட்டியலட்டையில் வேண்டுவனவற்றுட் பெரும்பகுதி இதனுள் அடங்கிவிடும். ஆனால் அடுத்து வருவதே மனங்கொளத்தக்கது. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் யாவர்? நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவனது மாணாக்கன், அவனது நூலுக்குத் தக்க உரைகாரன் ஆகிய நால்வரே. நால்வரும் ஒரே கல்விப் பரம்பரையினுள் நிற்பவர்கள். கேட்போர் என்பார் பாயிரத்திற் பேசப்படும் பொருளாக உள்ளனரேயன்றிப் பேசுபவராக இல்லை. மேலும் அவர்கள் ‘கேட்போர்’, ‘வாசிப்போர்’ அல்லர்.

இதனைப் பவணந்தியாரின் குறையாகக் கூறுவது வரலாற்றுணர்வற்ற செயலாகும். ஓலைச்சுவடியின் பௌதிக இயல்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். அதிலே சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவத்தால் வேறுபடுத்தப்படாமல் எழுதப்பட்டன. காலையும் ரகரத்தையும் பிரித்தறிவதும் இடம் நோக்கியே இயலும். அத்தகைய ஏடு தன்னளவிலே முழுமையான நூலன்று. அருகிலிருந்து பாடஞ்சொல்லும் ஒருவர் இருந்தாலே அது நூலாகும். எனவே ஏட்டுக்கு உயிருள்ள துணையுறுப்பாக அமைந்தவர் ஆசிரியரே. அவரை அணுகும் உரிமையோ சாதியாலும் சொத்தாலும் பாலாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஒரு நூல் யாருக்குப் புரியவேண்டும், யாருக்குப் புரியக்கூடாது என்பதை நிலமானிய சமுதாயம் தனியானதொரு சட்டத்தால் விதிக்கவேண்டிய அவசியம் பெரிதும் இருக்கவில்லை. சொற்பிரிப்பு இல்லாமையே அக்காவலைச் செய்தது.

நிகண்டிலிருந்து அகராதிக்கு நிகழ்ந்த மாற்றத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். திவாகரம் முதலிய நிகண்டுகள் செய்யுளில் ஆனவை, மனனஞ் செய்தற்குரியவை. அவற்றின் வைப்புமுறையும் ஓர் உலகநோக்கின் வெளிப்பாடு. தெய்வப் பெயர் முதலாவது. மக்கட் பெயர் அதற்கடுத்தது. விலங்கும் மரமும் இடமும் பின்னர். உலகம் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கின்றது. அகர வரிசை இந்த அடுக்கினைக் கலைத்துவிடுகிறது. அதிலே அரசனுக்கும் அரணைக்கும் அரிவாளுக்கும் ஒரே நீதிதான். 1594இல் தோன்றிய இரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டமையும், வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அம்முறையை விரிவாக அமைத்தமையும் அறிந்தவையே. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனார் 1842இல் அச்சிட்ட, மானிப்பாய் அகராதி எனப்படும் தமிழ் அகராதி 58,500 சொற்கள் வரை கொண்டதென்பர். பாதிரிமார் இவ்வகை நூல்களை நாடியதற்குக் காரணம் வெளிப்படை. வயது வந்தபின் மொழி கற்க வந்த அந்நியருக்கு இளமையில் மனனஞ் செய்யும் வாய்ப்பும் இல்லை, குருபரம்பரையும் இல்லை. வேண்டியபோது வேண்டிய சொல்லை எடுத்துப் பார்க்கும் வழியே தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் 13ஆம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்து டொமினிக்கன் துறவிகள் விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தது, பிரசங்கியார் விரைந்து மேற்கோள் எடுக்கும் தேவையாலேயே. நோக்கம் மதமாற்றமாகவோ பிரசங்கமாகவோ இருக்கலாம். ஆனால் தேடும் கருவி ஒன்று ஆக்கப்பட்டபின் அது ஆக்கியவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை.

இதே முரண்பாட்டினை ஆறுமுக நாவலரிடம் இன்னும் துலக்கமாகக் காணலாம். சாதியாசாரத்தைப் பேணுவதிலே உறுதி பூண்டவர் நாவலர். அவரது சமூகப் பார்வையைப் பற்றி முற்போக்காளர் கூறியவற்றை இங்கு மீட்டுரைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியபுராணத்தை 1852இல் வசனமாக வெளியிட்ட அதே கை, தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறியீடுகளைச் சீராகக் கையாண்டு, வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. சைவ நூல்களைச் சைவரிடமே சேர்ப்பிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனினும் முற்றுப்புள்ளி சாதி கேட்பதில்லை. பாடஞ்சொல்வார் இன்றியே எழுத்தறிந்த எவனும் தொடரின் முடிபை அறிந்துகொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, நாவலர் காக்க விரும்பிய வேலியில் நாவலரின் குறியீடே ஓர் இடைவெளியை உண்டாக்கிற்று. பிறிதொரு வகையிற் கூறுவதாயின், ஒரு பதிப்பாளரின் கருத்தியலை அவரது முகவுரையிற் காணலாம். அவரது வரலாற்றுப் பங்கினை அவர் இட்ட குறிகளிலேயே காணவேண்டும்.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்புத்துறையில் ஆற்றிய பணி பற்றிப் பாராட்டுரைகள் ஏராளம். அவர்கள் ஏடு தேடி அலைந்த கதை ஒரு வீரகாவியம் போலவே சொல்லப்பட்டு வருகிறது. அக்கதை பொய்யன்று, ஆயினும் அது அவர்களது சாதனையின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 எனப் பதிப்பித்த நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகளை எடுத்துக்கொள்வோம். கையில் எடுக்கும்போதே ஏடு உதிர்ந்துபோகும் அவலத்தை அவர் கூறும் இடம் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. அதனினும் முக்கியமானது, எங்கிருந்து எத்தனை பிரதிகள் கிடைத்தன, எவரெவர் தந்தனர், எப்பகுதி சிதைந்திருந்தது என்று அவர் கணக்கு ஒப்புவிப்பதாகும். புகழுரையாக இருந்த பாயிரம் இங்கு கணக்குரையாக மாறுகின்றது. தன்னை ஐயுறுவதற்கு வேண்டிய சான்றுகளை வாசகனுக்குப் பதிப்பாளரே தருகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு நூல்கள் பலவற்றிலே வித்துவான்களின் சாற்றுகவிகள் பக்கம் பக்கமாக முன்னே நிற்பதைக் கண்டவர்களுக்கு இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும்.

சாமிநாதையர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணி தொடக்கம் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று வளர்ந்த அவரது பதிப்புகளைக் காலமுறையிற் புரட்டினால் துணையுறுப்புகள் ஒரு முறைமையாகவே உருப்பெறுவதைக் காணலாம்: நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, பிரதிபேதங்கள், உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களின் பெயர்கள், அரும்பத அகராதி. புறநானூற்றிலே பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் தனித்தனியே தொகுக்கப்பட்டன. மணிமேகலைக்கோ பௌத்த சமயம் பற்றிய விளக்கமே தேவைப்பட்டது. சிந்தாமணியின் சமணப் பொருளைத் தெளிவதற்குக் கும்பகோணத்துச் சமணர்களை அவர் நாடிச் சென்றதும் தெரிந்ததே. பாடஞ்சொல்லும் பரம்பரை அறுந்துபோன இடத்தில், அப்பரம்பரை செய்துவந்த வேலையை நூலின் பிற்பகுதிக்கு மாற்றிய முயற்சியாகவே இவற்றைக் கொள்ளல் வேண்டும். மகாவித்துவானிடம் நிலமானிய முறையிலே கல்வி பெற்று, மடத்தின் ஆதரவில் வளர்ந்த ஒருவர், மடத்தை நாட வேண்டிய அவசியமே இல்லாத வாசகனை உருவாக்கினார். இவ்விரண்டையும் ஒருசேரக் காணாத விமரிசனம் ஒன்றில் அவரைத் தெய்வமாக்கும், அன்றேல் பழைமைவாதி என்று ஒதுக்கும்.

அடைவுகளால் விளைந்தது என்ன? ஒரு சொல் எந்நூலில் வருகிறது, எதில் வரவில்லை என்று எண்ணிப் பார்க்க முடிந்தபின் தமிழ் இலக்கியத்தின் தொன்மை பற்றிய பேச்சு நம்பிக்கையின் எல்லையிலிருந்து சான்றின் எல்லைக்கு வந்தது. 1924இலிருந்து 1936 வரை வெளியான சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை நூல்களின் காலம் பற்றிச் சொன்னவை கடுங்கோபத்தை எழுப்பின. அவரது முடிபுகள் சில பிழையாக இருக்கலாம், திருத்தப்பட்டும் உள்ளன. ஆனால் அவரைத் திருத்துவதற்கும் அவரது முறையையே நாடவேண்டியிருந்தது என்பதை அவரை வைதவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலும், மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைத் தொகுத்து நோக்கியதன்றிப் பாடல்களின் அழகில் மயங்கி எழுதப்பட்டதன்று. 1960களிலே கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து புறநானூற்றுச் சொல்லடைவும், சென்னையிலிருந்து பல்லவர் காலத்துக்கு முற்பட்ட நூல்களுக்கான அடைவும், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவும் வெளிவந்தன. சங்க இலக்கியத்தைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுவோருள் எத்தனை பேர் இவற்றை ஒருமுறையேனும் திறந்திருப்பர் என்பது வேறு விடயம்.

எல்லா உறுப்பும் எவ்வித இழப்புமின்றி வருவதில்லை என்பதையும் கூறவேண்டும். 1940இல் சைவ சித்தாந்த மகாசமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் வையாபுரிப்பிள்ளை பாடல்களைத் தொகைநூல் வரிசையில் விடாது புலவர் வரிசையில் அமைத்தார். கபிலர் முழுவதையும் ஓரிடத்திற் படிக்கும் வாய்ப்பு அதனாற் கிடைத்தது. ஆனால் தொகுத்தவர்கள் திணையாலும் அடியளவாலும் காட்டிய ஒழுங்கு அங்கே கலைந்துவிட்டது. கூட்டு மரபு ஒன்றன் வெளிப்பாடான பாடல்கள் தனித்தனிக் கவிஞரின் சொத்தாகத் தோன்றலாயின. இலக்கியத்தைத் தனிமனிதனின் ஆக்கமாகவே காணப் பழகிய நவீன மத்தியதர வர்க்கப் பார்வை, பொருளடக்கப் பக்கத்திலேயே அங்கு வேலை செய்துவிட்டது. பயனுள்ள உறுப்பு என்பதனாலேயே அது நடுநிலையானது என்று பொருளாகாது.

அடிக்குறிப்பைப் பற்றிப் பேசும்போது ‘மூலதன’த்தை விட்டுச்செல்ல இயலாது. மார்க்சின் மாபெரும் நூலிலே அடிக்குறிப்புகள் அலங்காரமன்று. தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளும் நாடாளுமன்றக் குழுக்களின் நீலப் புத்தகங்களும் அங்கே சாட்சிகளாக வந்து நிற்கின்றன. ஆளும் வர்க்கத்தின் ஆவணங்களைக் கொண்டே ஆளும் வர்க்கத்தை விசாரிக்கும் முறை அது. பொருளியலாளரை மார்க்ஸ் மேற்கோள் காட்டும் முறையினை 1883ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஏங்கெல்ஸ் விளக்கியுள்ளார்: அவர்கள் கூறியது சரியென்று ஒப்புவதற்காக அல்ல, ஒரு கருத்து எப்போது, எங்கே, யாரால் முதன்முதல் உருப்பெற்றது என்று காட்டுவதற்காக. அடிக்குறிப்பு இங்கு கருத்துகளின் வரலாறாகவே ஆகிவிடுகிறது.

இதனால் நேர்ந்த ஒரு வழக்கும் அறியத்தக்கது. கிளாட்ஸ்ரன் 1863 ஏப்ரலில் ஆற்றிய வரவுசெலவுத்திட்ட உரையிலிருந்து மார்க்ஸ் எடுத்தாண்ட ஒரு வாக்கியம், செல்வத்தின் பெருக்கம் முழுவதும் சொத்துடைய வர்க்கங்களோடு நின்றுவிட்டது என்னும் கருத்தினது. அது மார்க்சின் கற்பனை என்று 1872இல் ஜேர்மன் முதலாளிகளின் பத்திரிகையொன்றில் பெயரிடாது எழுதியவர் பிரென்ரானோ என்னும் பொருளியலாளர். நாடாளுமன்றத்தின் திருத்திய பதிவிலே அவ்வாக்கியம் இல்லை. மறுநாட் காலை வெளிவந்த இலண்டன் பத்திரிகைகளிலே அது இருந்தது. மார்க்ஸ் இறந்தபின் இக்குற்றச்சாட்டு மீண்டும் கிளப்பப்பட்டபோது அதற்கு விடையிறுத்தவர் அவரது மகள் எலினோர். ஆங்கில மொழிபெயர்ப்புக்காக நூலின் மேற்கோள்கள் அனைத்தையும் மூலங்களோடு ஒப்புநோக்கியவரும் அவரே என்று 1890ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஏங்கெல்ஸ் நன்றியோடு குறிப்பிடுகின்றார். உழைப்பின் பெறுமதி பற்றிய உலகத்தின் தலைசிறந்த நூலிலே, அடிக்குறிப்பைச் சரிபார்த்த உழைப்பு முன்னுரையின் சில வரிகளுள் தங்கிவிட்டது. அடைவு தொகுப்போர், மெய்ப்பு நோக்குவோர், பட்டியலிடுவோர் ஆகியோரின் உழைப்பு எங்கும் இவ்வாறே மறைந்து கிடக்கின்றது. அவ்வுழைப்பிற் பெண்களின் பங்கு மேலும் மறைவானது.

அடிக்குறிப்பின் அரசியலை ஈழத்தவராகிய நாம் வேறொரு வகையிலும் அறிந்திருக்கிறோம். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் மண்வாசனை பற்றிய விவாதம் எழுந்த காலத்தில், ஈழத்துக் கதைகள் தமிழக வாசகருக்கு விளங்கவேண்டுமாயின் அடிக்குறிப்பு வேண்டும் என்ற குரல் அங்கிருந்து ஒலித்தது. இங்கிருந்து அதற்குச் சூடான மறுப்பும் எழுந்தது. தமிழகத்து அக்கிரகாரப் பேச்சையும் தஞ்சை வழக்கையும் நாம் அடிக்குறிப்பு இன்றியே படித்தோம் என்பது நியாயமான வாதம். எவனுடைய பேச்சு விளக்கம் வேண்டாத பொதுமொழி, எவனுடைய பேச்சு விளக்கம் வேண்டிய வட்டாரமொழி என்பதைத் தீர்மானிப்பது சந்தையே. ஆயினும் அன்றைய கோபத்தில் ஓர் அம்சம் பார்வையிலிருந்து தப்பியது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களில் வரும் குடிமைத் தொழில்கள், சடங்குகள், நிலவுறவுகள் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு விளக்கம் தேவைப்படுவது சென்னை வாசகனுக்கு மாத்திரமல்ல. கொழும்பிற் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவனுக்கும், மலையகத்து வாசகனுக்கும், ஏன், அத்தொழில்களால் நன்மை பெற்ற குடும்பங்களின் இன்றைய வாரிசுகளுக்கும் அது தேவைப்படுகிறது. அடிக்குறிப்பை அவமானமாகக் கருதி மறுத்தபோது அடுத்த தலைமுறைக்குரிய ஓர் உறுப்பையும் சேர்த்து மறுத்துவிட்டோம்.

நமது பக்கத்துக் குறையை இனியும் ஒளித்தலாகாது. முற்போக்கு இயக்கம் சார்ந்து வெளிவந்த கட்டுரைத் தொகுதிகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள். அணிந்துரை உண்டு, முன்னுரை உண்டு, பதிப்புரை உண்டு, பின்னட்டையில் ஆசிரியரின் அறிமுகமும் உண்டு. இறுதியிலே அடைவு தேடினால் பெரும்பாலும் வெற்றுத்தாளே மிஞ்சும். காகித விலையும் அச்சுக்கூலியும் தரப்படும் காரணங்கள். அவை மெய்யானவையே, எழுத்தாளனே தன் கைப்பணத்திற் புத்தகம் போடும் நாட்டில் எட்டுப் பக்கம் என்பது சிறிய தொகையன்று. ஆனால் அந்த எட்டுப் பக்கங்கள் அணிந்துரைக்காக எப்போதும் கிடைத்துவிடுகின்றனவே! பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் இதழ்களிலும் துணைவேந்தர், பீடாதிபதி, துறைத்தலைவர், பெரும்பொருளாளர், தலைவர், செயலாளர் என வாழ்த்துச் செய்திகள் புகைப்படங்களோடு வரிசையாக நின்ற பின்னரே முதலாவது கட்டுரை இடம்பெறுவது வழக்கம். (இவ்விதழின் பதிப்பாசிரியர்கள் பொறுத்தருள்க.) நன்னூலார் வகுத்த நால்வரின் இடத்திலே பதவிநிலை அலுவலர் வந்து அமர்ந்திருக்கிறார்களேயொழியப் பாயிரத்தின் குணம் மாறவில்லை. நிலமானியத்தைக் கண்டிக்கும் கட்டுரை, நிலமானிய வாயிலின் ஊடாகவே வாசகனிடம் வந்து சேருகின்றது.

சிற்றேடுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆண்டிறுதியிலே அவ்வாண்டுக்குரிய கட்டுரைகளையும் ஆசிரியர்களையும் நிரல்படுத்தி நான்கு பக்கம் அச்சிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவே இல்லை. அதன் விளைவு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது துலக்கமாகத் தெரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்று கூறுகின்றோம். ஒரு நூல் அழிந்தால் அதன் உள்ளடக்கம் அழிகின்றது. அந்நூல் வேறெங்கும் பட்டியலிடப்படாதிருந்தால், அது இருந்தது என்ற அறிவும் உடனழிகின்றது. மறைந்துபோன பழந்தமிழ் நூல்கள் பலவற்றின் பெயர்களை உரையாசிரியர்களின் மேற்கோள்களிலிருந்தே நாம் அறிகிறோம். மயிலை சீனி. வேங்கடசாமி அவற்றைத் தொகுத்துத் தனி நூலே ஆக்கினார். நமது சமகாலத்து நூல்களுக்கு அத்தகைய உரையாசிரியர்களும் இல்லை. நூலகர் என். செல்வராஜா 2002 தொடக்கம் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வரும் ‘நூல்தேட்டம்’ இவ்வகையிலே பெறுமதி மிக்கது. தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக, தலைப்பாலும் ஆசிரியராலும் தேடும் வழிகாட்டிகளோடு அது அமைந்துள்ளது. அதனை ஓர் இலக்கியச் சாதனையாகக் கருதி எவரேனும் விமரிசனக் கட்டுரை எழுதினால் சிலர் வியப்படையக்கூடும்.

கணினி வந்தபின் இவையெல்லாம் தேவையில்லை என்றொரு வாதம் இப்போது கேட்கின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் செய்துள்ள சேவையை மதியாதவன் நன்றி கெட்டவனாவான். ஆனால் பக்கத்தைப் படமாக்குவது வேறு, சொல்லாக்குவது வேறு. படமாகவே உள்ள பக்கத்திலே கணினி எதனையும் தேடமாட்டாது. சொல்லாக்கிய பனுவலிலும் தமிழின் இயல்பு குறுக்கே நிற்கும். ‘மரம்’ என்று தேடுபவனுக்கு ‘மரத்தை’ அகப்படாது; புணர்ச்சியால் ஒட்டிய செய்யுட் சொற்கள் அதனினும் அரிது. பக்க எல்லை குறிக்காது பனுவலை மாத்திரம் ஏற்றிவிட்டால் சாமிநாதையர் காலத்து அடைவு சுட்டும் பக்கவெண்ணுக்குப் பொருளே இல்லாது போகிறது: பழைய கருவி உடைந்தது, புதியது இன்னும் வெட்டவில்லை. தேடும் பொறி தேடுபவன் தந்த சொல்லையே தேடும். ‘சாதி’ என்று தட்டினால் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் 1968இல் நடந்த போராட்டம் பற்றிய கட்டுரை, அச்சொல் அதில் வராவிடின், வெளிப்படாது.

பொருளடைவு தொகுப்பவன் செய்வது இதனின் வேறானது. டானியலின் நாவல்களுக்கு அடைவு ஒன்று தொகுக்க முயல்பவனை எண்ணிப் பார்ப்போம். ‘குடிமை’ என்ற சொல் அவன் முன்னே வருகிறது. அதனை ‘வழக்காறுகள்’ என்ற தலைப்பின் கீழ் இடலாம். சலவைத் தொழிலோடும் பறைமுழக்கோடும் சேர்த்துப் பண்பாட்டுச் செய்தியாக்கலாம். ‘சாதி’யின் கீழும் இடலாம். அல்லது, கூலி பேசப்படாத உழைப்பு என்று ஒரு தலைப்பை உண்டாக்கி, அதன்கீழ் வண்டில் ஓட்டுதலையும் வேலியடைத்தலையும் செத்தவீட்டுப் பணியையும் ஒருங்கே நிரைப்படுத்தி, ‘நிலம்’, ‘கடன்’ என்பவற்றையும் காண்க என்று குறிப்பெழுதலாம். மூன்றும் அகர வரிசையில் அமையக்கூடியவையே. எதனைத் தெரிவது என்று அவன் பேனாவை நிறுத்தி யோசிக்கும் இடத்திலே விமரிசனம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.